கம்பியில்லா இணைப்பு ஆடி பிறந்ததிலிருந்து தினமும் அறுகிறது: 5ஜி பெட்டிக்கு மாறலாமா?

ஏலக்கணக்கு எழுதியது:

வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் இறங்கித் தோப்புக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் வந்தால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகை இருக்கிறது. மலையிலிருந்து மூட்டை இறங்கும் நாளில் இ-வே பில், வியாபாரிகளுக்கு அனுப்பும் படங்கள், கொட்டகையின் 4 கேமராக்கள், மாலையில் மகளின் வகுப்பு எல்லாமே இணையத்தை நம்பித்தான் நடக்கின்றன. கணக்கு எழுதுவது நான்.

ஃபைபர் கேட்டுப் பார்த்தோம். கடைசிக் கம்பத்திலிருந்து எங்கள் வாசல்வரை 30 கம்பம் நட வேண்டுமாம். செலவு எங்களுடையதாம், வழியில் நான்கு பேருடைய தோட்டத்தில் அனுமதி வாங்கும் வேலையும் எங்களுடையதாம். அந்த நான்கு பேரில் இருவர் பேசிக்கொள்வதில்லை. அதோடு விட்டுவிட்டோம்.

பிறகு டவுனில் இணைய இணைப்புக் கொடுக்கும் ஒருவர் வந்து, மொட்டைமாடியில் கம்பம் நிறுத்தி, சோற்றுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய ஒரு தட்டைத் தன் கட்டடத்தை நோக்கித் திருப்பி வைத்தார். நேர்கோட்டில் 4.2 கிலோமீட்டர் என்றார். 50 மெகாபிட் திட்டம். மூன்று மாதம் குறையே இல்லை. ஆனியில் அவ்வப்போது நின்றது. ஆடி பிறந்த பிறகு நிற்காத நாளே இல்லை. தொலைபேசியில் கேட்டால் ஒரே பதில்: "மழைக்காலம் அம்மா, கம்பியில்லா இணைப்பு இப்படித்தான் இருக்கும்."

எங்கள் பக்கம் ஆடியில் பெய்வது மழையே அல்ல, சாரல். முகத்தில் தெளித்தால் துடைக்கக்கூடத் தோன்றாது. அதற்கா இணையம் அறுகிறது?

கணக்குப்பிள்ளை புத்தி விடவில்லை. 11 நாட்களாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மொத்தம் 37 முறை நின்றிருக்கிறது. விடியற்காலையில் ஒருமுறைகூட இல்லை. பெரும்பாலும் பிற்பகல் 1 மணிக்கு மேல். என் கணவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு 5ஜி பெட்டி வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா? இல்லை, இதிலேயே ஏதாவது சரி செய்ய முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

*

ஒத்தக்கடைக்காரன் எழுதியது:

சகோதரி, என் வீடு மதுரையின் புறநகரில். ஓராண்டாக 5ஜி பெட்டிதான் வைத்திருக்கிறேன். மாடியில் ஒரு வெளிப்பெட்டி, உள்ளே ஒரு ரவுட்டர். வந்து பொருத்திவிட்டுப் போக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் மாதம் பறந்தது. பிறகு எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு வீட்டில் அதே பெட்டி வந்துவிட்டது. இப்போது இரவு 8 மணிக்கு மேல் வேகம் பாதியாகிவிடுகிறது. எல்லோரும் ஒரே கோபுரத்தின் பாலைத்தான் பங்கு போட்டுக் குடிக்கிறோம். இருந்தாலும் எனக்குக் குறையில்லை, மாற்றும் எண்ணமும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். முதலாவது, வாங்குவதற்கு முன் 5ஜி கைபேசி ஒன்றை மாடிக்கு எடுத்துச் சென்று பிற்பகலிலும் இரவிலும் வேகம் பாருங்கள். 5ஜி என்று திரையில் எழுத்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். நகரங்களில் வேகம் கொடுப்பது 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. அது தோப்புகளைத் துளைத்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் வராது. 700 மெகாஹெர்ட்ஸ் வரும். ஆனால் அது ஒற்றையடிப் பாதை, லாரி ஓட்ட முடியாது.

இரண்டாவது, கேமரா. என் பெட்டிக்குப் பொது இணைய முகவரி கிடையாது. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து என் பதிவுப் பெட்டிக்குள் நேராக நுழைய முடியவில்லை. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் பார்க்கிறேன். உங்கள் கேமராவை இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

*

கம்பிக்காரர் எழுதியது:

அம்மா, தொலைபேசித் துறையில் 31 ஆண்டு கம்பி ஏறி ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்தாண்டு கம்பியே இல்லாத வேலைதான் பார்த்தேன். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மழை என்று சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த அலைவரிசை? உங்கள் தட்டு அநேகமாக 5.8 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு சின்ன ஊர்களில் இந்தத் தட்டுகள் பெருகின. அந்த அலையை 4.2 கிலோமீட்டர் தூரத்துக்கு உங்கள் ஊர்ச் சாரல் ஒரு டெசிபல்கூடக் குறைக்காது. 60 கிகாஹெர்ட்ஸாக இருந்தால் மழையைக் குற்றம் சொல்லலாம், அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனே அலையைக் குடித்துவிடும். 5.8-இல் மழையை இழுப்பது, வேலைக்கு வராத பையன் பாட்டிக்குச் சாவு வைப்பதைப் போன்றது.

உங்கள் நோட்டில்தான் விடை இருக்கிறது. எனக்கு இன்னும் சில விவரம் வேண்டும். எந்த மாதத்தில் பொருத்தினார்கள்? பொருத்திய அன்று அந்தத் தம்பி கைபேசியில் படம் எடுத்திருப்பார், வேலை முடிந்ததற்குச் சாட்சியாக எல்லோரும் எடுப்பார்கள். அந்தப் படத்தில் மைனஸ் போட்டு ஓர் எண் இருக்கும். தட்டுக்கு வந்து சேரும் அலையின் வலு அது, மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாக அலை மெலிகிறது என்று பொருள். அது என்ன? தட்டுக்கென்று உலாவியில் ஒரு பக்கம் உண்டு, கடவுச்சொல் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதே எண் விடியற்காலை 6 மணிக்கு எவ்வளவு, பிற்பகல் 3 மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதே பக்கத்தில் தட்டு கடைசியாக எப்போது உயிர்பெற்றது என்பதும் தெரியும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதைப் பாருங்கள். நேரம் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால் அது அலையின் குற்றமே அல்ல, மின்சாரத்தின் குற்றம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள்.

கணக்குப்படி எவ்வளவு வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 5725 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சட்டம் அனுமதிக்கும் உச்ச வீச்சு 4 வாட், அலை வலுவை அளக்கும் டி.பி.எம். கணக்கில் 36. 4.2 கிலோமீட்டர் வெட்டவெளி 120 டெசிபலைத் தின்னும். உங்கள் தட்டு 23 டெசிபல் திருப்பித் தரும். ஆக மைனஸ் 61. அதற்கு மூன்று நான்கு முன்பின் இருந்தால் பாதை சுத்தம். அதைவிட மோசமென்றால் வழியில் யாரோ நிற்கிறார்கள்.

இன்னொன்று. மாடியில் ஏறி, தட்டுக்குப் பின்னால் கண்ணை வைத்து, டவுன் பக்கம் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

*

ஏலக்கணக்கு எழுதியது:

ஐயா, நான்கு நாள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பைனாகுலர் இல்லை. மகள் கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பொருத்தியது மாசி மாதம். அந்தத் தம்பியிடம் பழைய படம் கேட்டபோது சந்தேகமாகப் பார்த்தார், பிறகு அனுப்பிவிட்டார். எண் மைனஸ் 62. நீங்கள் வீட்டுக்கு வராமலே 61 என்று சொன்னதைக் காட்டியதும் என் கணவர் 5ஜி பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இப்போதைய எண்: விடியற்காலை 6 மணிக்கு மைனஸ் 69. பிற்பகல் 3 மணிக்கு நிலையாக நிற்கவே இல்லை. 71, 78, 74, 83 என்று ஊஞ்சல் ஆடுகிறது. 80-ஐத் தாண்டும்போது படம் நின்றுபோகிறது.

அடுத்ததுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தத் தம்பி அனுப்பிய படங்களில் ஒன்று, தட்டுக்குப் பின்னாலிருந்து டவுனைப் பார்த்து எடுத்தது. அதில் டவுன் கட்டடம் தெரிகிறது, நடுவில் குச்சி குச்சியாகக் கிளைகள், கிளைகளில் காய்கள் தொங்குகின்றன. அவை கணவரின் பெரியப்பா தோட்டத்து இலவ மரங்கள். போடிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாசியில் இலவ மரம் மொட்டையாக நிற்கும், காய் மட்டும்தான் இருக்கும். நேற்று மகள் அதே இடத்தில் நின்று படம் எடுத்தாள். பச்சைச் சுவர். டவுன் என்று ஒன்று இருப்பதற்கு அடையாளமே இல்லை.

இலவம் பஞ்சு மெத்தையில் பிறந்து வளர்ந்தவள் நான். மரம் இலை விடும் என்பது தோன்றவில்லை.

ஆடிக் காற்று பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கணவாய் வழியாக இறங்கி கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் காற்றுதான் இங்கும் அடிக்கிறது. பிற்பகலில் வேகமெடுக்கும், இரவில் அடங்கும். நோட்டோடு ஒத்துப் போகிறது.

ஆனால் எல்லாமே மரமில்லை. நீங்கள் சொன்னபடி இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன். நான்கு நாளில் 15 முறை நின்றதில் 6 முறை தட்டு புதிதாக உயிர்பெற்றிருக்கிறது. அந்த ஆறும் ஏறக்குறைய மூன்று மூன்று நிமிடம். ஆறும் கொட்டகையில் தூசி ஊதும் இயந்திரத்தை ஓட்டிய நேரம். தட்டின் மின்சாரப் பெட்டி கொட்டகையின் சுவரிலுள்ள பிளக்கில்தான் செருகியிருக்கிறது. வேறு இடமில்லை என்று அங்கே கொடுத்தவளும் நானேதான்.

மரத்தை வெட்டுவது நடக்காத காரியம். பெரியப்பாவிடம் கேட்கும் தைரியம் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கம்பத்தை உயர்த்தினால் போதுமா?

*

கம்பிக்காரர் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இப்படிக் குறித்துத் தரும் ஒரு வாடிக்கையாளர் என் 31 ஆண்டில் கிடைத்திருந்தால் முழங்கால் இவ்வளவு தேய்ந்திருக்காது.

அந்தத் தம்பியை அதிகம் திட்டாதீர்கள். மாசியில் பார்த்தவனுக்கு வழி திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

இலை என்றால் தண்ணீர்ப் பை. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பச்சை இலை பெரிய எதிரி, ஈர இலை அதைவிடப் பெரிய எதிரி. சாரலுக்கு இணையம் நின்றது போலத் தோன்றியதற்கும் அதுவே காரணம். வானத்தில் இருக்கும் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, இலையில் ஒட்டிய தண்ணீர் செய்தது. காற்றடிக்கும்போது கிளை விலகுகிறது, மூடுகிறது. அதுதான் உங்கள் ஊஞ்சல்.

கம்பத்தை உயர்த்துவது பற்றி. இலவம் இருபது மீட்டருக்கு மேல் போகும் மரம். உங்கள் மாடியும் கம்பமும் சேர்ந்து பத்து மீட்டர் இருக்குமா? அதற்கு மேலே போக வேண்டுமென்றால் இழுவைக் கம்பி கட்டிய கோபுரம் வேண்டும். ஐப்பசி இடிக்கு அது ஒரு வரவேற்பு வளைவு. வேண்டாம்.

உயரே போக முடியாவிட்டால் பக்கவாட்டில் போகலாம். இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை. மரம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தட்டை 30 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால், மரம் இருக்கும் இடத்தில் அலையின் பாதை 28 மீட்டர் நகர்ந்துவிடும். மறுமுனை தூரத்தில் அசையாமல் இருப்பதால் உங்கள் பக்கத்து நகர்வு பெரிதாகவும், டவுன் பக்கம் போகப் போகச் சிறிதாகவும் ஆகும். கதவின் கீல் போல.

ஆனால் நூல் பிடித்தாற்போல் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அலை நூல் அல்ல, நடுவில் பருத்த கதிர் போன்றது. பிரெனல் மண்டலம் என்பார்கள். உங்கள் தூரத்துக்கு நடுவழியில் அதன் ஆரம் ஏழு மீட்டருக்குச் சற்று மேல், மரம் இருக்கும் 300 மீட்டரில் ஏறக்குறைய நான்கு. அதில் குறைந்தது அறுபது சதவீதம் காலியாக இருக்க வேண்டும். ஆக, கடைசிக் கிளையிலிருந்து இரண்டரை மீட்டராவது விலகிப் போக வேண்டும். காற்றில் ஆடும் கிளைக்கும் சேர்த்து ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள். தென்னை நடுவழியில் இருந்தால் அதையும் பாருங்கள், இன்று குட்டையாக இருக்கும் தென்னை ஐந்தாண்டில் உங்கள் பாதைக்குள் தலை நீட்டும்.

கொட்டகையின் மறுகோடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே நின்று மகளை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மின்சாரம்தான் எனக்குப் பிடித்த பகுதி. உங்கள் தேனி மாவட்டத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு, உள்ளூர்க்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றிலுமுள்ள ஐந்து பார்வை மையங்களையும் கம்பியில்லாமல் இணைத்தது. 2006-ஐ ஒட்டிய காலம். ஆண்டிப்பட்டிக்குப் போன ஒரு தொடுப்பு மட்டும் 15 கிலோமீட்டர். எல்லாம் கடையில் விற்கும் வைஃபை அட்டைகள். வைஃபைக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு துண்டை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்குச் சற்றுக் காத்திருக்கும், வராவிட்டால் மறுபடி அனுப்பும். வீட்டுக்குள் அது சரி. 15 கிலோமீட்டரில் பதில் வந்து சேர்வதற்குள் பொறுமை இழந்துவிடும். அதனால் அந்த வழக்கத்தையே மாற்றி, இன்ன நேரம் நீ பேசு, இன்ன நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். கிராமத்து நோயாளி பார்வை மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். தட்டு ஏற்ற உயரம் வேண்டி ஒரு நூற்பாலையின் புகைபோக்கியைக்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அவர்களை அதிகம் அலையவைத்தது எது தெரியுமா? அலை அல்ல, மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கி அடாப்டரை எரித்தது, அட்டையைக் கெடுத்தது, பாதி உயிரோடு தொங்கவிட்டது. அதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊதும் இயந்திரத்தின் மோட்டார் கிளம்பும் நொடியில் அந்தச் சுவரில் மின்னழுத்தம் படுத்துவிடுகிறது. ரவுட்டரும் தட்டும் சேர்ந்து 20 வாட்கூட இழுக்காது. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு தனி பிளக் கொடுங்கள், அவ்வளவுதான். 30 மீட்டர் வெளிப்புறக் கேபிள் நல்லதாக வாங்குங்கள், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை உள்ளது. சாம்பல் நிறத்து வீட்டுக் கேபிள் இரண்டு கோடையில் மொறுமொறுவென்று உடையும். கேபிள் தட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. கம்பத்துக்குத் தரைக்கம்பி கட்டாயம்.

*

மேலூர்ப் பழசு எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பெரியவர் தேனிக் கதையைச் சொன்னதும் கை பரபரத்துவிட்டது.

தேனிக்கும் முன்னால் எங்கள் மேலூர். 2001 வாக்கில் சென்னை ஐஐடியின் பேராசிரியர் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து மேலூர் வட்டத்துக் கிராமங்களில் இணையக் கடைகள் திறந்தார்கள். அதில் ஒன்றை இரண்டு ஆண்டு நடத்தியவன் நான். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, கூரைமேல் மேலூர்க் கோபுரத்தைப் பார்த்த ஆன்டெனா. வேகம் 35 கிலோபிட், போன் பேசாத நேரத்தில் 70. மெகா அல்ல, கிலோ. ஏலக்கணக்கு அம்மாவின் 50 மெகாபிட்டை 70 கிலோபிட்டால் வகுத்துப் பார்த்தேன், 700 மடங்குக்கு மேல் வருகிறது.

அந்த 70-இல் நாங்கள் கிராமத்தார் கண்ணைப் படம் பிடித்து அரவிந்துக்கு அனுப்பியிருக்கிறோம். சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். துபாயிலிருந்த மகனோடு ஓர் அம்மா பேசியபோது உருவம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. "சட்டை புதுசு" என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். வருமானம் வாடகைக்குப் போதாமல் நான் கடையை மூடினேன். அது தொழில்நுட்பத்தின் குற்றமில்லை.

கேள்விக்கு வருகிறேன். எங்கள் கடையிலும் மரப் பிரச்சினை இருந்தது, புளியமரம். புளி இலை உதிர்ந்தாலும் உடனே தளிர்த்துவிடும், அதனால் முதல் நாளே தெரிந்துவிட்டது. இலவம் ஏமாற்றிவிட்டது.

ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் 4 கேமராவும் படத்தை நாள் முழுவதும் வெளியே ஏற்றிக்கொண்டிருக்கின்றனவா? இந்தத் தட்டுகள் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் தெரியாதவை. ஏற்றும் ஒவ்வொரு விநாடியும் இறக்கும் விநாடியிலிருந்து திருடியது. கேமராவுக்கு 2 மெகாபிட் வைத்தால் 8 மெகாபிட் ஏற்றத்துக்கே போகிறது. எண் கெட்டுப்போன நேரத்தில் மொத்தமே 15 மெகாபிட்தான் வரும், அப்போது எட்டு என்பது பாதிக்கு மேல். கொட்டகையிலேயே பதிவுப் பெட்டி வைத்து, பார்க்கும்போது மட்டும் வெளியே வரும்படி மாற்றுங்கள்.

மற்றொன்று, டவுனில் இணைப்புக் கொடுப்பவர் உரிமம் பெற்ற இணைய நிறுவனத்தின் முகவர்தானா என்று ரசீதில் பாருங்கள். அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்பது வேறு, இணையத்தை விற்க உரிமம் தேவையில்லை என்பது வேறு. சிலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டு இணைப்பைத் தெருவுக்கே விற்கிறார்கள்.

*

ஏலக்கணக்கு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மலையில் பறிப்பு நடந்ததால் தாமதம்.

ரசீது பார்த்தேன், முகவர்தான், நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. கேமராக்கள் முழு நேரமும் ஏற்றிக்கொண்டுதான் இருந்தன. மேலூர் அண்ணன் சொன்னபடி பதிவுப் பெட்டிக்கு மாற்றியாகிவிட்டது.

கொட்டகையின் மறுகோடி வீட்டுக் கம்பத்திலிருந்து 34 மீட்டர். மகள் அங்கே ஏறிப் படம் எடுத்தாள், டவுன் கட்டடம் முழுதாகத் தெரிந்தது. இலவ மரங்கள் படத்தின் இடது ஓரத்தில் விலகி நின்றன. தம்பியை அழைத்து விவரம் சொன்னேன். முதலில் "நீங்கள் எங்கேயோ படித்துவிட்டுப் பேசுகிறீர்கள்" என்றார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பேசாமல் ஏணி கேட்டார்.

தட்டை மாற்றிப் பொருத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்ததில் மைனஸ் 63-இல் நின்றது. கடவுச்சொல்லையும் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரமாகப் பிற்பகல் 3 மணிக்கு எண் 62-க்கும் 65-க்கும் நடுவில்தான் இருக்கிறது. இன்வெர்ட்டர் பிளக் கொடுத்த பிறகு ஒரே ஒருமுறை நின்றது. அது குரங்கு. புதுக் கேபிளைக் கடித்துவிட்டது. மீதிக் கேபிளை பிவிசி குழாய்க்குள் விட்டிருக்கிறோம்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். பெரியப்பா நேற்று வந்து, தன் வீட்டுக்கும் இணைப்பு வேண்டும் என்கிறார். பேரன் விடுமுறைக்கு வரப் போகிறானாம். "உங்கள் கொட்டகையிலிருந்து ஒரு தட்டை என் வீட்டைப் பார்த்து வைத்தால் போதாதா?" என்று கேட்கிறார். அவர் வீடு எங்களிடமிருந்து 400 மீட்டர். அந்த இலவ மரங்களுக்கு அந்தப்புறம். கொட்டகையின் கோடியிலிருந்து பார்த்தாலும் அவர் வீடு மரங்களுக்குப் பின்னால்தான் மறைந்திருக்கிறது. நான் என்ன பதில் சொல்வது?

*

கம்பிக்காரர் எழுதியது:

உங்கள் கொட்டகையிலிருந்து வேண்டாம் அம்மா. அவர் வீடு மரத்துக்கு அந்தப்புறம் என்றால் அவர் மாடியிலிருந்து டவுன் நேராகத் தெரியும். தம்பியிடமே தனி இணைப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பொருத்துவதற்கு முன் அவர் மாடிக்கும் டவுனுக்கும் நடுவில் என்ன மரம் நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது யாருடைய மரம் என்பதையும்.